விராலிமலையில் நாங்கள் இறங்கிய பிறகு ஓடிய படம்

பிள்ளைகளே, ஒரு படத்தின் நடுப்பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஒன்பது நாள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் மகளும் பார்த்திருக்கிறாள். அந்தப் படத்தின் பெயர் எங்களுக்கு அப்போது தெரியாது. அது எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியாது, எப்படி முடியும் என்றும் தெரியாது. ஆனால் நடுவில் வரும் ஒவ்வொரு காட்சியும் மனப்பாடம்.

எப்படி இப்படி ஆனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது அன்னவாசல். எனக்கு வேலை விராலிமலையில், பெரிய ரோட்டோரம் இருக்கும் ஒரு பஞ்சர் கடையில். மகள் ஏழாம் வகுப்பு. காலையில் என்னோடு வந்து, சாயங்காலம் என்னோடு திரும்பட்டும் என்று அவளையும் விராலிமலைப் பள்ளியிலேயே சேர்த்திருக்கிறேன். எங்கள் காலை பஸ் புதுக்கோட்டையில் புறப்பட்டு, அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை வழியாக மணப்பாறை போகும். தனியார் வண்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், மேலே, எங்களைப் பார்த்தபடி ஒரு டிவி. புதுக்கோட்டையில் வண்டியை எடுக்கும்போது கண்டக்டர் படத்தைப் போட்டுவிடுவார். நாங்கள் ஏறும்போது படம் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை புதுப் படம் ஒன்று ஓடியது. வெளிநாட்டுப் படம், தமிழ் பேசியது. நாங்கள் ஏறியபோது ஒருவன் வெள்ளைக் கட்டிலில் கண் விழித்தான். எழுந்தான். மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான். கதவைத் திறந்து வெளியே போனான். வெளியே இருந்தது அதே அறை. அதே கட்டில். அதில் அவனே படுத்திருந்தான்.

இலுப்பூர் வரும்வரை யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

அது எதிர்காலத்தில் நடக்கிற கதை என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது. தூக்கத்துக்குள் புகுந்து பார்க்கும் ஏதோ ஒரு கருவி இருந்தது. அந்த ஆள் கனவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தான். எழுந்துவிட்டோம் என்று நினைப்பான், அதுவும் கனவாக இருக்கும். மறுபடி எழுவான், அதுவும் கனவு. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் கையில் ஊசியோடு அவனைத் துரத்திக்கொண்டே இருந்தார். தெருவில் எல்லோரும் வாயசைப்பதும் பேச்சுக் கேட்பதும் பொருந்தவே இல்லை. அது தமிழில் பேசவைத்ததால் அப்படியா, கனவு என்று காட்ட வேண்டுமென்றே அப்படி எடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதுதான் விஷயம். இலுப்பூர் தாண்டியதும் ஒரு காட்சி வரும். டம்ளரைச் சாய்த்துக் குடித்துக்கொண்டே இருப்பான். தண்ணீர் குறையாது. கீழே கவிழ்ப்பான், கொட்டும், ஆனால் டம்ளரில் பார்த்தால் அப்படியே இருக்கும். அப்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே. தண்ணீர் குறையாவிட்டால் கனவு, குறைந்தால் நிஜம். அதுதான் அவனுடைய சோதனை.

விராலிமலை நெருங்கும்போது அவன் ஒரு கடைசிக் கதவைத் திறப்பான். வெளியே தரையே இருக்காது, வெறும் வானம். ஒரு காலை எடுத்து வெளியே வைக்கப் போவான். கண்டக்டர் விசில் ஊதுவார். நாங்கள் இறங்கிவிடுவோம்.

மறுநாளும் அதே படம். அதே கட்டில், அதே கதவு, அதே தூக்கிய கால். மூன்றாம் நாளும் அதே. நாங்கள் முதலில் என்ன நினைத்தோம் தெரியுமா? படமே இப்படித்தான், இந்த ஆள் கனவிலிருந்து வெளியே வரவே போவதில்லை, அதனால்தான் தினமும் புதிதாக எழுந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டோம். பஸ்ஸில் வேறு படமே இல்லை என்பதோ, நாங்கள் ஏறுவதும் இறங்குவதும்தான் அவனை அப்படி மாட்டிவைத்திருக்கிறது என்பதோ எங்களுக்கு உறைக்க நாளானது.

முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அன்னவாசலில் எங்களோடு ஏறும் பூக்கார அக்கா ஒருவர் உண்டு, விராலிமலைக் கோயிலடியில் பூ விற்பவர். அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தினமும் ஒரு கதை சொல்வார். வெள்ளைக் கோட்டு ஆள் அவனுக்குச் சொத்துப் பங்காளி என்பார். ஊசி போட்டுக் கொன்றுவிட்டு வீட்டை எழுதி வாங்கப் போகிறான் என்பார். என் மகள் இல்லை என்பாள். அந்த ஆள் ரோபோ, அவன் கண் இமைக்கவே இல்லை, கவனித்தீர்களா என்பாள். நான் கடையில் லாரி டயரைக் கழற்றிக்கொண்டே யோசிப்பேன். தூங்குகிறவனுக்குத் தான் தூங்குவது எப்படித் தெரியும்? எனக்கு வரும் கனவுகளில் ஒரு தடவைகூட இது கனவு என்று தோன்றியதில்லை. எழுந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அப்படியானால் இப்போது? இப்படி யோசித்துக்கொண்டே ஒரு நாள் முன் டயருக்குப் போட வேண்டிய டியூபைப் பின் டயரில் போட்டுவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் வேடிக்கை நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் மகள் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கனவு கண்டாளாம். கனவில் எழுந்து, பல் தேய்த்து, சீருடை போட்டு, என்னோடு பஸ் ஏறி, பள்ளிக்கூடம் போய், வருகைப் பதிவுக்கு உள்ளேன் என்று சொல்லும்போது முழிப்பு வந்திருக்கிறது. மறுபடி எழுந்து, பல் தேய்த்து, பஸ் ஏறியிருக்கிறாள். அதுவும் கனவு. மூன்றாவதாக எழுந்தபோதுதான் அழ ஆரம்பித்திருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் கேட்டாள். "அப்பா, நான் எந்திரிச்சுட்டேனா?"

"எந்திரிச்சுட்டத்தா. இந்தா அம்மா இருக்கா, நான் இருக்கேன்" என்றேன்.

"கனவுல வந்த அப்பாவும் இப்புடித்தான் சொன்னாரு" என்றாள்.

பிள்ளைகளே, ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். இன்னும் பத்து வகுப்பு படித்திருந்தாலும் அதற்குப் பதில் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் அதே கேள்வி. போதாததற்கு, அந்த ஆளின் சோதனையை அவளும் செய்ய ஆரம்பித்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் குடிப்பாள், உள்ளே எட்டிப் பார்ப்பாள். மறுபடி குடிப்பாள், பார்ப்பாள். குறைந்திருந்தால் முகம் தெளியும். அரை மணி நேரத்தில் மறுபடி சந்தேகம் வந்துவிடும். பள்ளியில் பாட்டில் தண்ணீரை வகுப்பறைத் தரையில் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாள், அதுவும் ஒரே நாளில் மூன்று தடவை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. பாடம் நடக்கும்போது கண் செருகுகிறது, ஆனால் தூங்கிவிடாமல் கையைக் கிள்ளிக்கொள்கிறாள், வீட்டில் தூங்குகிறாளா இல்லையா என்று கேட்டார்.

அவள் தூங்கவில்லை. அதுதான் எங்கள் கவலை. படுப்பாள், கண்ணை மூடமாட்டாள். தூங்கினால் மறுபடி எழ வேண்டும், எழுந்தது நிஜமா என்று பார்க்க வேண்டும், அதற்குத் தூங்காமலே இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நான்கு நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. சோறு பாதிதான் இறங்கியது. என் மனைவி விராலிமலைக் கோயில் விபூதியைப் பூக்கார அக்காவிடம் சொல்லி வாங்கிவரச் செய்து தினமும் நெற்றியில் பூசினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரிந்தால்தானே சொல்வதற்கு.

எனக்குத் தெரிந்த ஒரு வழியைச் செய்து பார்த்து, அதில் மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது, பெரிதாக ஒன்றும் இல்லாத மாதிரி, "அந்தப் படத்தோட முடிவப் பாத்துட்டேன்" என்றேன். அவன் எழுந்துவிட்டான், தண்ணீர் குறைந்துவிட்டது, ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டான் என்று நன்றாகவே சொன்னேன்.

மகள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க என்கூடத்தானே விராலிமலையில எறங்குனீங்க?"

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு விஷயம் மோசமாகிவிட்டது. நான் சொல்வதை நம்பலாமா என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கண்டக்டரிடம் போய், மகள் தூங்காமல் கிடப்பதைச் சொல்லி, படத்தை மாற்றச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், என்னைவிட வயதில் சிறியவர். பென் டிரைவ் உள்ளேயே மாட்டிக்கொண்டது, பிடுங்கினால் டிவிப் பெட்டியே போய்விடும் என்றார். அதில் நிறையப் படம் இருந்ததாம். மற்ற எல்லாம் கறுப்பாகத்தான் தெரிகிறது, இது ஒன்றுதான் ஓடுகிறது என்றார். சரி, அணைத்தாவது வையுங்கள் என்றேன்.

"ஒரு நா அணைச்சுப் பாத்தேண்ணே. டிரைவரு ஒத்துக்கல. சத்தம் இல்லேன்னா அவருக்குக் கண்ணச் சொக்குதாம். ஒங்க பாப்பா ஒரு ஆளு முழிச்சிருக்கா. அவரு தூங்கிட்டா நம்ம எல்லாரும் எங்கிட்டுப் போறது?"

அந்த நேரத்துக்கு வேறு பஸ்ஸும் இல்லை. படத்தின் பெயராவது தெரிந்தால் போனில் தேடி முடிவைப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். பெயர் புதுக்கோட்டையில் ஆரம்பத்திலேயே வந்து போய்விடும், அப்போது டிக்கெட் போடுகிற மும்முரத்தில் நான் எங்கே பார்த்தேன் என்றார். பென் டிரைவில் வெறும் எண்தான் இருக்கிறதாம். பேச்சை முடித்துவிட்டுத் திரும்பியவர், போகிற போக்கில் சொன்னார். முடிவு வேண்டுமானால் மணப்பாறைக்கு டிக்கெட் எடுங்கள் என்று.

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடையில் ஒரு பெரிய தொட்டி உண்டு. டியூபில் எங்கே ஓட்டை என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காற்றடித்து, தண்ணீருக்குள் அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக முழு வட்டத்தையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பாதி வட்டம் பார்த்துவிட்டு ஓட்டை இல்லை என்று சொன்னால் வண்டி இலுப்பூர்கூடத் தாண்டாது. என் மகள் பாதி வட்டம்தான் பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பயந்து போன பிள்ளைய அதே படத்துக்குக் கூட்டிட்டுப் போற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முடிவு இன்னும் பயங்கரமாக இருந்தால்? அவன் எழாமலே போய்விட்டால்? அப்புறம் இந்தப் பிள்ளையை நான் எப்படித் தூங்கவைப்பேன்? எனக்கும் பயம்தான். அதனால் மகளிடமே கேட்டேன்.

அவள் யோசித்தாள். "பயமாத்தான் இருக்கும். ஆனா அந்தக் காலு என்ன ஆச்சுன்னு பாக்கணும்ப்பா."

எனக்கும் அதே ஆசைதான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, காலையிலேயே வேறொரு பஸ் பிடித்து இருவரும் புதுக்கோட்டை போனோம். என் மனைவி கோபத்தோடுதான் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தாள். மகளின் பாட்டிலில் தண்ணீரும் நிரப்பிக் கொடுத்தாள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எங்கள் வண்டி காலியாக நின்றிருந்தது. எப்போதும் நாங்கள் ஏறும்போது கூட்டமாக இருக்கும், பின்னால் எங்காவது இடம் பிடித்து, ஆட்களின் தலைக்கு நடுவில்தான் படம் பார்ப்போம். அன்று எங்களுக்கு முதல் சீட்டு, டிவிக்கு நேர் கீழே. கண்டக்டர் எங்களைப் பார்த்து, "என்னண்ணே, நெசமாவே கெளம்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படத்தைப் போட்டார்.

படத்தின் பெயர் வந்தது. நான் படிப்பதற்குள் பக்கத்து வண்டிக்காரர் ஹாரன் அடித்து, நான் திரும்பிப் பார்த்து, பெயர் போய்விட்டது. மகள் படித்துவிட்டாள். ஆனால் அதைவிட அடுத்து வந்ததுதான் எங்களை உட்காரவைத்தது.

அந்த நகரத்தில் யாருக்கும் தூங்க நேரமில்லை. வேலை, வேலை, வேலை. அதனால் ஒரு மணி நேரத்தில் இரவு முழுக்கத் தூங்கிய தெம்பைக் கொடுக்கும் பெட்டி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குள் முதலில் படுக்க ஒரு ஆள் வேண்டும். நம் ஆள் தானாகவே முன்வந்து படுக்கிறான். அவனை யாரும் கட்டிப்போடவில்லை. பெட்டி பழுதாகி அவன் உள்ளே மாட்டிக்கொள்கிறான். அவனை வெளியே எடுக்க ஒருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஊசியோடு, அவன் கனவுக்குள்ளேயே இறங்குகிறார். அவர் அவனுடைய அண்ணன்.

நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளாக நாங்கள் யாரிடம் சிக்காமல் ஓடு ஓடு என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோமோ, அந்த ஆள் அவனை எழுப்ப வந்தவர்.

"பாவம்ப்பா அந்த அண்ணன்" என்றாள் மகள்.

சித்தன்னவாசல் திருப்பம் வந்தது. பள்ளிச் சுற்றுலாவில் அவள் அந்தக் குகைக்கோயிலுக்குப் போயிருக்கிறாள். கூரையில் தாமரைக் குளம் வரைந்திருப்பார்கள், அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே தண்ணீர், மீன், அன்னம். அவள் திருப்பத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள், அந்தக் குளத்திலும் தண்ணீர் குறையவே குறையாது இல்லையா என்று. மறுபடி தண்ணீருக்கே வந்துவிட்டாளே. அது வரைந்ததுதானே என்றேன். ஆமாம், அங்கங்கே உதிர்ந்துபோய்ப் பாறை தெரியும், நான் பார்த்தேன் என்றாள். பிறகு டிவி பக்கம் திரும்பினாள்.

அன்னவாசலில் பூக்கார அக்கா ஏறினார். நாங்கள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். "இது என்ன, இன்னிக்கு அங்கிட்டுருந்து வாரீங்க?" விவரம் சொன்னேன். வெள்ளைக் கோட்டு ஆள் பங்காளி இல்லை, கூடப் பிறந்த அண்ணன் என்றேன். அண்ணன் என்றால் பங்காளிதானே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திரையில் அவன் வெள்ளைக் கட்டிலில் கண் விழித்தான். மனப்பாடமான காட்சிதான். ஆனால் ஆரம்பம் தெரிந்த பிறகு அது அதே காட்சியாக இல்லை. அண்ணன் கதவைத் தட்டும்போது முன்பெல்லாம் திறந்துவிடாதே என்று இருக்கும். இன்று, திறந்து விடேன், அவர் உன்னைக் கூட்டிப் போகத்தானே வந்திருக்கிறார் என்று இருந்தது. மகள் என் கையைப் பிடித்திருந்தாள். இலுப்பூர் தாண்டியது. தண்ணீர்க் காட்சி வந்தது. அவள் பிடி இறுகியது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் டம்ளரைச் சாய்த்தான். குடித்தான். கவிழ்த்தான். திருப்பிப் பார்த்தான்.

அவள் கை தளர்ந்தது. முன்னால் குனிந்து, கழுத்தை நீட்டி, டிவியை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, அது வேற டம்ளரு."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். அவன் குடிக்கும் டம்ளரின் விளிம்பில், கட்டைவிரல் பக்கம், சின்னதாக ஒரு சில்லு உடைந்திருக்கிறது. கொட்டிவிட்டு அவன் பார்க்கும்போது காட்டும் டம்ளரில் உடைசல் இல்லை. ஒன்றை எடுத்துவிட்டு நிறைந்த இன்னொன்றைக் கையில் கொடுத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். ஒன்பது நாள் பின்னாலிருந்து பார்த்ததில் அது தெரியவில்லை. ஆனால் ஒன்பது நாள் பார்த்ததால்தான் எந்த நொடியில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் அந்தச் சோதனையை இன்னொரு முறை செய்தபோது எனக்கும் காட்டினாள். நாள் முழுக்க டியூபில் ஊசிமுனை ஓட்டை தேடுகிற என் கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்லை. அவள் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் பார்த்தேன். உடைந்த டம்ளர், உடையாத டம்ளர்.

அவள் சிரிக்கவில்லை. பயமும் இல்லை. கணக்கில் விடை வந்துவிட்டது, சரியா என்று இன்னொரு தடவை போட்டுப் பார்க்கும்போது பிள்ளைகள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தாள்.

அவன் கடைசிக் கதவைத் திறந்தான். வெறும் வானம். காலைத் தூக்கினான். கண்டக்டர் விசில் ஊதினார். நாங்கள் இருவரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டோம்.

"எங்கிட்டுப் போறீங்க? ஒங்க டிக்கெட்டு மணப்பாறைக்குல்ல" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. பூக்கார அக்கா இறங்கும்போது, கால் என்ன ஆனது என்று நாளைக்கு எனக்குச் சொல்ல வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விராலிமலை பின்னால் போனது. முதல் தடவையாக அந்தக் கால் கீழே இறங்கியது. என்ன இருந்தது தெரியுமா? ஒரு படிக்கட்டு. கொஞ்சம் கீழே தள்ளி இருந்ததால் திரையில் தெரியவில்லை, அவ்வளவுதான். அவன் அதில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்றான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது.

ஆனால் மணப்பாறை வந்தபோது படம் முடியவில்லை. அண்ணன் அவனைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து, ஊசியைப் போடப் போகிற இடத்தில் வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்துவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் வந்து டிவியை அணைக்கக் கை நீட்டினார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார். இதற்கு மேல் தானும் பார்த்ததில்லை, இங்கே வந்ததும் அணைத்துவிடுவேன் என்று சொன்னவர், எங்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தார். நாங்கள் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அந்தத் தண்ணிப் பிரச்சனைப் படமா என்று கேட்டார். எங்களுக்கு விளங்கவில்லை. அவரும் ஏறி வந்து, முதல் தடவையாகப் பயணிகள் சீட்டில் உட்கார்ந்து டிவியை நிமிர்ந்து பார்த்தார். டிவி அவர் முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறது. இத்தனை நாளும் அவர் காதால் மட்டுமே படம் பார்த்திருக்கிறார். தண்ணீர் குறையவில்லை, தண்ணீர் எங்கே, தண்ணீரைக் கொடு என்று பேச்சு வந்துகொண்டே இருந்ததால், ஏதோ ஊரில் குழாய்த் தகராறு என்று முடிவு கட்டியிருக்கிறார்.

அண்ணன்காரர் திரையில் பேசினார். டிரைவர் திகைத்துப்போனார். "இந்தக் கொரலு இந்த ஆளோடதா? நான் இவர வேட்டி கட்டுன ஆளுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

ஒரே பஸ்ஸில் தினமும் எத்தனை படம் ஓடியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

இஞ்சின் அணைந்திருந்த வண்டிக்குள் நாங்கள் நான்கு பேரும் முடிவைப் பார்த்தோம். அவன் கண் விழித்தான். இந்த முறை அறையில் ஜன்னல் இருந்தது, வெயில் இருந்தது. அண்ணன் ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அவன் வாங்கினான். உள்ளே பார்த்தான். உதட்டில் வைத்துச் சாய்த்தான். திரை கறுத்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

குறைந்ததா, குறையவில்லையா, காட்டவே இல்லை.

இதற்காகவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன்? இனி ஆயுசுக்கும் இந்தப் பிள்ளை தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருக்குமே. கண்டக்டர் அவ்வளவுதானா என்றார். டிரைவர், தண்ணி வந்துச்சா இல்லையா என்று எங்களிடம் கேட்டார்.

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஓடிக்கொண்டிருந்த பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மூணாவது டம்ளருப்பா. இதுல பூப் போட்டிருக்கு" என்றாள்.

நான் தயங்கித்தான் கேட்டேன். "அப்ப அவன் எந்திரிச்சுட்டானா, இல்லையாத்தா?"

"தெரியல. படம் எடுத்தவங்களுக்கே தெரியாதுபோல. அதான் அணைச்சுட்டாங்க." பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பசிக்குதுப்பா."

எலுமிச்சைச் சோற்றை அந்த சீட்டிலேயே பிரித்தோம். கண்டக்டருக்கும் டிரைவருக்கும் இலையைக் கிழித்துக் கொஞ்சம் கொடுத்தோம். என் மனைவி போன் செய்தாள். கோபமாக இருப்பவள் என்ன கேட்டாள் தெரியுமா? அவன் செத்தானா பிழைத்தானா என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம்தான் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றாள். சாப்பிடுகிறாள் என்றேன். எவ்வளவு என்றாள். என் பங்கையும் சேர்த்து என்றேன்.

திரும்புவதற்கும் அதே வண்டிதான். கண்டக்டர் படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டார், டிரைவருக்குச் சத்தம் வேண்டுமே. இப்போது படம் முன்னோக்கிப் போக, ஊர்கள் பின்னோக்கி வந்தன. மணப்பாறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மகளின் தலை என் தோளில் சாய்ந்தது. நிமிர்வாள் என்று பார்த்தேன். நிமிரவில்லை. தோளிலிருந்து மெல்ல நழுவி மடிக்கு வந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் அசையவில்லை. படத்தில் அவன் பெட்டிக்குள் படுத்தான், மாட்டிக்கொண்டான், எழுந்தான், மறுபடி எழுந்தான். விராலிமலை வந்து போனது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், ஒரு லாரி எங்களை உரசுகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் எழவில்லை. என் தொடை மரத்துப்போனது. அவன் டம்ளரைச் சாய்க்கும் காட்சி வந்தபோது எனக்கும் தாகமாக இருந்தது. கை எட்டுகிற தூரத்தில் அவளுடைய பாட்டில்தான் இருந்தது. அவனைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் குடித்தேன். வெயில், எலுமிச்சைச் சோறு, உப்பும் கொஞ்சம் தூக்கல். இன்னும் கொஞ்சம் குடித்தேன். இலுப்பூர் வந்தபோது இன்னும் கொஞ்சம்.

அன்னவாசல் வந்ததும் தோளைத் தட்டினேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் என் வேட்டி மடிப்பு கோடு கோடாகப் பதிந்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அவள் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து வாயில் கவிழ்த்தாள். ஒரு சொட்டு வந்தது. பாட்டிலை ஆட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத் தண்ணியவும் நீங்களே குடிச்சுட்டீங்களா?" என்றாள், நல்ல கோபத்தோடு.

ஆமாம் என்றேன். மூடியைத் திருகிப் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.